ஆளில்லாத் தீவும் ஆள் நிறைந்த நாவலும்

ஜார்ஜ் டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் பினாங்குத் தீவில் கொடியேற்றியவர் அவர். அதன் 150ஆம் ஆண்டு நினைவாக 1936இல் சிலை வைக்க நினைத்தபோது, லைட்டின் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. மகன் வில்லியம் லைட்டுக்குப் படம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்கு வரைபடம் போட்டவர் அந்த மகன். அவர் முகச்சாயலை வைத்தே தகப்பனை வடித்தார்கள். முகம் மகனுடையது, பெயர் தகப்பனுடையது.

இதே லைட்டைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. காட்டை வெட்டக் கூலிக்கு ஆள் கிடைக்காததால், பீரங்கியில் வெள்ளி நாணயங்களை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்கப் போனவர்கள் வழியிலிருந்த மரங்களை வெட்டித் தள்ளிவிட்டார்களாம். சுற்றுலா வழிகாட்டிகள் இதைச் சொல்லும்போது யாரும் சான்று கேட்பதில்லை. கதை என்று தெரிந்தே கேட்கிறார்கள். சிலையைப் பார்ப்பவர்களோ அதைக் கதை என்று நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் ஃபிக்‌ஷன் என்றும் தமிழில் புனைவு என்றும் சொல்லப்படுவது எது என்ற கேள்விக்குப் பினாங்கு நல்ல ஊர். இங்கே கதை சட்டப் புத்தகத்திலும் இருந்திருக்கிறது, வரலாறு நாவலுக்குள்ளும் இருந்திருக்கிறது.

புனைதல் என்பதற்குப் பழந்தமிழில் அழகுபடுத்தல், தொடுத்தல், செய்தல் என்று பொருள்கள் உண்டு. ஃபிக்‌ஷனுக்கு மூலமான இலத்தீன் வினையும் பிசைந்து உருவாக்குவதையே குறிக்கும். இரண்டும் கைவேலைச் சொற்கள். பொய் என்ற பொருள் இரண்டிலும் பிற்பாடு ஏறியது. தொல்காப்பியர் அகப்பாடலின் நெறியைச் சொல்லும்போது நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சேர்த்தே சொல்கிறார். நாடக வழக்குக்கு உரையாசிரியர் இளம்பூரணர் தரும் விளக்கம் என்னைப் பொறுத்தவரை இன்றைய கோட்பாட்டு நூல்கள் பலவற்றைவிடத் தெளிவானது. சுவையாக நிகழக்கூடியவற்றையெல்லாம் ஓரிடத்தில் நிகழ்ந்தவைபோலத் தொகுத்துச் சொல்வது அது என்கிறார். நிகழாததைச் சொல்வது என்று அவர் சொல்லவில்லை. தொகுப்பில்தான் புனைவு இருக்கிறது.

ஆனால் உரைநடைக் கதை தமிழுக்கு வந்த காலத்தில், தன்னைப் புனைவு என்று அறிவித்துக்கொள்ள அது கூசியது. 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம், 1885இல் சித்திலெவ்வையின் அசன்பே சரித்திரம், பிறகு கமலாம்பாள் சரித்திரம், 1898இல் பத்மாவதி சரித்திரம் என்று எல்லாமே ‘சரித்திரம்’. மேலை நாட்டிலும் இதுதான் நடந்தது. 1719இல் வெளிவந்த ராபின்சன் குரூசோவின் முகப்புப் பக்கத்தில் டீஃபோவின் பெயர் கிடையாது. குரூசோ தானே எழுதியதாகப் போட்டிருந்தது. முன்னுரையில், இது நடந்ததைச் சொல்லும் வரலாறு என்று ‘பதிப்பாசிரியர்’ உறுதி கூறினார். அந்த முகப்புப் பக்கம் குரூசோவின் தீவை ஆளில்லாத் தீவு என்று வர்ணிக்கிறது. கதைக்குள்ளோ மணலில் காலடித்தடம் தெரிகிறது, ஆட்கள் வந்துபோகிறார்கள்.

மலாயாவில் தமிழ்க் கதை வேறு தோரணையில் முன்வந்தது. இந்நாட்டின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் க. வெங்கடரத்தினத்தின் கருணாசாகரன் 1917இல் வந்தது. ‘காதலின் மாட்சி’ என்பது அதன் மறுபெயர். 1930இல் வே. சின்னையா பிள்ளை ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். நவரச கதாமஞ்சரி என்ற தலைப்போடு நிறுத்தாமல், இவை இனிய கற்பிதக் கதைகள் என்றும் சேர்த்துக்கொண்டார். சரித்திரம் என்ற முகமூடி கழன்று, கற்பிதம் என்ற சொல் அட்டையிலேயே ஏறிவிட்டது. 1950 வாக்கில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தி, கற்பிதம் செய்வதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பிறகு அதே பத்திரிகைக்கு வந்த கு. அழகிரிசாமி எழுத்தாளர்களைக் கூட்டிவைத்து இலக்கியம் பேசினார்.

வாசகர்களிடம் மட்டும் பழைய கூச்சம் போகவில்லை. நல்ல கதை என்று பாராட்ட வந்தவர் “உண்மையிலேயே நடந்ததா?” என்று கேட்பதை மலேசியத் தமிழ்க் கூட்டங்களில் இன்றும் கேட்கலாம். ‘உண்மைக் கதை’ என்பதை உயர்ந்த முத்திரையாக நினைக்கும் பத்திரிகைகள் இருந்தன. இன்னொரு பக்கம் ‘இதில் வரும் பெயர்கள் யாவும் கற்பனையே’ என்ற ஒரு வரியும் அச்சானது. அந்த வரியைப் பிரபலமாக்கியது இலக்கியம் இல்லை, நீதிமன்றம். ரஸ்புடினைப் பற்றி எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த படத்தில் தன்னை இழிவுபடுத்தியதாக ரஷ்ய இளவரசி ஐரினா யூசுப்போவ் லண்டனில் வழக்குத் தொடுத்து 1934இல் வென்றார். 25,000 பவுன் நஷ்டஈடு. அதற்குப்பின் படக் கம்பெனிகள் எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வரியைப் போட ஆரம்பித்தன.

நீதிமன்றம் என்றதும் பினாங்கின் பெரிய புனைவுக்கு வந்துவிடுகிறோம்.

சட்டத்தில் புனைவு என்றால், நடக்காத ஒன்றை நடந்ததாகவோ இல்லாத ஒன்றை இருப்பதாகவோ வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவது. தத்துப் பிள்ளை பெற்ற பிள்ளையாகிறது. கம்பெனி ஓர் ஆளாகிறது. இந்தியாவில் கோயில் தெய்வத்துக்குச் சொத்துரிமை கிடைக்கிறது. இவற்றால் யாரும் ஏமாறுவதில்லை. எது பாவனை என்பது வழக்காடும் இரு தரப்புக்கும் தெரியும். ஜெரமி பெந்தாம் இவ்வகைப் புனைவுகளைச் சட்டத்தைப் பிடித்த நோய் என்று வாழ்நாள் முழுக்கத் திட்டினார். எல்லாவற்றையும் திட்டியிருக்க வேண்டியதில்லை. பாவனை என்பது மறந்துபோகும்போதுதான் அவர் கோபத்துக்கு நியாயம் கிடைக்கிறது.

பினாங்கில் அப்படி மறக்கப்பட்டது தீவின் மக்கள். லைட் வந்தபோது இது ஏறக்குறைய ஆளில்லாத் தீவு என்று நெடுங்காலம் பள்ளிப் புத்தகங்கள் சொல்லிவந்தன. சீன மாலுமிகளின் 15ஆம் நூற்றாண்டுக் கடல்வழிப் படங்களில் பாக்குத் தீவு என்ற பெயரோடு இந்தத் தீவு இருக்கிறது. பத்து உபான் பள்ளிவாசலின் தொடக்கம் 1734 என்று மரபு சொல்கிறது. டத்தோ கெராமாட் பகுதியில் மலாய்க் குடியிருப்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தீவு கெடா சுல்தானுடையது. படைத்துணை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் சுல்தான் அப்துல்லா இடம் கொடுக்க இசைந்தார். கும்பினி அந்த உதவியைத் தரவில்லை. 1791இல் தீவை மீட்கச் சுல்தான் படை திரட்டித் தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று ஒப்பந்தமானது. 1800இல் எதிர்க்கரையிலிருந்த செபராங் பிறையும் சேர்ந்து தொகை 10,000 ஆனது. இன்றும் மலேசிய மத்திய அரசு பினாங்குக்காகக் கெடாவுக்குப் பணம் கொடுக்கிறது. 10,000 ரிங்கிட்டாக இருந்த அந்தத் தொகை 2018இல் ஒரு கோடி ரிங்கிட் என்று உயர்த்தப்பட்டது. இது குத்தகைப் பணம் என்று கெடா அரசியலில் இன்னும் பேசுகிறார்கள். ஆளும் உடைமையும் இல்லாத தீவுக்கு யாராவது குத்தகை கொடுப்பார்களா?

ஆங்கில நீதிபதிகளுக்குத் தீவில் ஆள் இருந்ததா என்பது முக்கியமாகப்படவில்லை. சட்டம் இருந்ததா என்றுதான் கேட்டார்கள். 1807ஆம் ஆண்டின் நீதி சாசனம் பினாங்குக்கு ஆங்கில நீதிமன்றத்தைத் தந்தது. அதன் பிறகு வழக்குக்கு வழக்கு அதே கேள்வி எழுந்தது. இங்கே இறந்துபோன முஸ்லிமின் சொத்தை எந்தச் சட்டப்படி பிரிப்பது? சீனர் தம் முன்னோர் வழிபாட்டுக்கு எழுதிவைத்த வீடு செல்லுமா? 1871இல் தீர்ப்பான பாத்திமா – லோகன் வழக்கு தமிழ் வாசகர்கள் அறியவேண்டியது. சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களில் ஒருவரான மகமது மரைக்கான் நூர்தீனின் உயில் பற்றியது அது. நூர்தீன் குடும்பத்தின் அடக்கவிடம் சூலியா ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. அவர் பெயரில் ஒரு தெருவும் உண்டு. அவர் உயிலுக்கு இஸ்லாமியச் சட்டம் பொருந்தாது, ஆங்கிலச் சட்டமே பொருந்தும் என்று நீதிபதி ஹாக்கெட் முடிவு சொன்னார். நான்கு ஆண்டுகள் கழித்து, இயாப் சியா நியோ என்ற சீனப் பெண்மணி தொடர்பான பினாங்கு வழக்கின் மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சில் இன்னும் ஒரு படி மேலே போனது. தீவு கொடுக்கப்பட்டதா, புதிதாகக் குடியேறப்பட்டதா என்று ஆராய்வதே தேவையில்லை, கும்பினி வருவதற்கு முன் அங்கே சட்டம் எதுவும் நிலவியதற்குத் தடயமில்லை என்றது. முன்னோர் வழிபாட்டுக்கு ஒதுக்கிய வீடு செல்லாது என்றும் ஆனது.

கெடா சுல்தானின் நாட்டில் சட்டத்தின் தடயம் இல்லை என்பதைத் தகவலாக நினைத்துத்தான் சொன்னார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் ஆங்கிலச் சட்டத்துக்கு இங்கே கால் ஊன்ற இடமில்லை. தேவைக்காகப் பிறந்த பாவனை அது. ஆனால் பாவனை என்ற குறிப்பு அதன்மேல் எங்கும் இல்லை. நூர்தீனின் வாரிசுகளுக்கு யார் எவ்வளவு பெறுவது என்பதை அதுதான் தீர்மானித்தது. தமிழர் கதை என்று பார்த்தாலும் இந்தப் பாவனை இடிக்கிறது. லைட்டே 1794இல் தீவின் குடிகளை வகைப்படுத்தும்போது, நெடுங்காலமாகக் கெடாவில் தங்கியிருந்த சூலியாக்கள் ஆயிரம் பேரளவில் இங்கே இருப்பதாக எழுதினார். அவர்கள் வெறுங்கையோடு, வழக்கமோ முறையோ இல்லாமல் வந்திருக்க முடியாது. கூ சல்மா நசுத்தியோன் 2014இல் வெளியிட்ட பினாங்குச் சூலியாக்கள் பற்றிய ஆங்கில நூல் இந்த மக்களின் உயில்களையும் வக்ஃபு நிலங்களையும் தோண்டி எடுத்துப் பேசுகிறது. தமிழில் அந்த அளவுக்கு விரிவான நூல் வரவேண்டும்.

அடுத்தது நாவல்.

1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் தெருக்களில் குண்டு போட்டன. சில நாள்களில் ஐரோப்பியர்கள் இரவோடிரவாகக் கப்பலேறினார்கள், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர். ஊரில் படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலி வழியாக ஜப்பானியருக்குச் சொன்னதும் அவரே. 19ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். சரவணமுத்து தம் நினைவுகளை ஆங்கிலத்தில் எழுதி 1970இல் புத்தகமாக்கினார். ஆங்கிலம் படித்த, பத்திரிகை கையிலிருந்த தமிழருக்குத் தன்வரலாறு வாய்த்தது.

வட்டிக்கடைக் கிட்டங்கிகளில் பாய் விரித்துப் படுத்திருந்த தமிழர்களுக்கு அது வாய்க்கவில்லை. பினாங்கு ஸ்ட்ரீட்டில் வரிசையாக வட்டிக்கடைகள். சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருஷக் கெடுவில் வந்த ஆட்கள். பெட்டியடி, கைப்பெட்டி, பேரேடு, தண்ணீர்மலைக் கோயிலில் பூசம். யாரும் நாட்குறிப்பு எழுதியதாகத் தெரியவில்லை, எழுதியதெல்லாம் கணக்கு. அந்த வாழ்க்கை நமக்கு மிஞ்சியது ப. சிங்காரம் எழுதிய இரண்டு நாவல்களால்.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தார். 1938இல் சுமத்ராவின் மேடான் நகருக்கு ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனார். போர்க்காலத்தில் மலாக்கா நீரிணையைத் தாண்டிப் பினாங்குக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரத்தில் இருந்தார். 1946இல் ஊர் திரும்பி மதுரை தினத்தந்தியில் சேர்ந்தார். கலைமகள் போட்டியில் பரிசு பெற்ற கடலுக்கு அப்பால் 1959இலும், புயலிலே ஒரு தோணி 1972இலும் அச்சேறின. பத்தாண்டுக்கு மேல் பின்னது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. வந்த பிறகும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை, சி. மோகன் போன்ற விமர்சகர்கள் எடுத்துப் பேசிய பிறகே வாசகர்கள் தேடினார்கள். சிங்காரம் 1997இல் காலமானார். மூன்றாவது நாவல் எழுதவில்லை.

கடலுக்கு அப்பால் நாவலில் செல்லையா இந்திய தேசிய ராணுவத்திலிருந்து பினாங்குக்குத் திரும்பி வருகிறான். கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதம் அவனுக்கு என்று பேச்சு. துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேட்டில் நிலைக்காது என்று முதலாளி முடிவு செய்துவிடுகிறார். காதல் கதை என்ற அளவில் இது எளிய கதைதான். அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது. கடையில் வேலைபார்க்கும் ஓர் அடுத்தாள் முதலாளி முன் எப்படி நிற்பான், வராத கடனை எந்தச் சொற்களால் கேட்பார்கள், ஜப்பானியர் தோற்றதும் அவர்கள் நோட்டு எப்படிச் செல்லாக்காசாயிற்று, அதனால் எந்தக் கடை எப்படி ஆடியது என்பதெல்லாம் அந்தத் தொழிலில் இருந்தவர் மட்டுமே எழுதக்கூடியவை. புயலிலே ஒரு தோணி இன்னும் பெரிய வலை. மேடானில் தொடங்கி, தொங்கான் என்ற சரக்குப் படகில் நீரிணையைக் கடந்து, புயலில் சிக்கிப் பினாங்குக்கு வந்து சேர்கிறான் பாண்டியன். மலாய், டச்சு, சீனச் சொற்கள் தமிழ் வாக்கியத்துக்குள் குடியேறியிருக்கின்றன. நடுநடுவே மதுரைக் கடைத்தெரு நினைவுக்கு வருகிறது. தமிழ்ப் பெருமிதத்தை இவ்வளவு எள்ளலோடு தட்டிப் பார்த்த நாவல் அதற்கு முன் தமிழில் இல்லை.

இத்தகைய நுணுக்கமான விவரங்களால் பினாங்கு பற்றி எழுதுகிறவர்கள் சிங்காரத்தை ஆவணமாக எடுத்தாளத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. தெருவின் பெயர், கடையின் அமைப்பு, நாணயத்தின் மதிப்பு ஆகியவற்றில் அவரை நம்பலாம். ஆனால் பாண்டியன் எங்கும் இருப்பது, எல்லாரையும் சந்திப்பது, ஒவ்வொரு திருப்பத்திலும் சரியான சொல்லோடு நிற்பது எல்லாம் இளம்பூரணர் சொன்ன தொகுப்பு. அதைச் சாட்சி வாக்குமூலமாகப் படித்தால் நாவலின் கட்டுமானமும் கண்ணில் படாது, வரலாற்றின் ஓட்டையும் கண்ணில் படாது. ஓட்டைகள் பெரியவை. சிங்காரத்தின் பினாங்கு ஆண்களின் ஊர். மரகதம்கூட மற்றவர்கள் முடிவெடுக்கும் வீட்டில் காத்திருக்கும் பெண்ணாகவே வருகிறாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழரும், நூர்தீனின் வழிவந்த மலாய் பேசும் தமிழ் முஸ்லிம்களும் கதையின் ஓரத்தில்தான் தென்படுகிறார்கள். வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்து பார்த்தால் தெரு அவ்வளவுதான் தெரியும்.

சயாம் – பர்மா ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்களின் கதையும் இப்படித்தான் நாவலுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், அ. ரெங்கசாமியின் நினைவுச் சின்னம் ஆகியவை பலருக்கு அந்தக் காலத்தைப் பற்றிய முதல் புத்தகங்கள். அரசாங்கங்கள் எண்ணாமல் விட்ட மக்களைக் கதாசிரியர்கள் எண்ண வேண்டியதாயிற்று. ஆங்கிலப் புனைவுக்கு இந்தச் சுமை இருந்ததில்லை. 1911இல் கோலாலம்பூரில் ஈத்தல் பிரௌட்லாக் என்ற பெண்மணி ஓர் ஆடவரைச் சுட்டுக்கொன்ற வழக்கை சோமர்செட் மாம் பெயர்களை மாற்றிச் சிறுகதையாக்கினார். தான் துவான் எங் 2023இல் தம் நாவலொன்றில் மாமையும் அந்த வழக்கையும் பினாங்குக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நடந்தது என்ன என்பதற்கு அங்கே பத்திரிகைச் செய்தியும் நீதிமன்றப் பதிவும் தனியாக இருக்கின்றன. நாவலாசிரியர் அவற்றோடு விருப்பம்போல் விளையாடலாம். சிங்காரத்தின் தெருவுக்கு அப்படி ஒரு பின்பலம் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு தாள் இல்லாததால்தான் அவர் புனைவு ஆவணமாகத் தோன்றுகிறது.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசு, போருக்குப் பிந்திய படித்த தமிழரின் வாழ்க்கையை நாவல்களாக எழுதினார். அவரை யாரும் ஆவணம் என்று சொல்வதில்லை. அந்தக் காலத்துக்கு வேறு பதிவுகள் போதிய அளவு இருக்கின்றன; ஆகவே நாவலை நாவலாகவே படிக்க முடிகிறது. சிங்காரத்துக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்றால் அவர் நாவலுக்குப் பக்கத்தில் வைக்க வேறு தாள்கள் வேண்டும்.

அந்தத் தாள்கள் முழுவதும் அழிந்துபோகவில்லை என்றே நினைக்கிறேன். பினாங்கு, மேடான், ரங்கூன் கடைகளின் பேரேடுகள், ஐந்தொகைகள், சம்பளச்சீட்டுகள், ஊருக்கு எழுதிய கடிதங்கள் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளின் பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி எடைக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டில் இன்னும் ஒரு கட்டு இருந்தால், தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவற்றிலிருந்து பிறந்த நூலகம் சென்னையில் இருக்கிறது. பினாங்கில் பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. கொடுக்க மனம் வராவிட்டால், பக்கம் பக்கமாகப் படமெடுத்தாவது அனுப்பிவையுங்கள்.